நெல்லின் எடை எங்கிருந்து வருகிறது?

உமியை எரித்தால் சாம்பல் மிஞ்சும். பர்மாவில் எங்கள் பெகுப் பக்கத்தில் பழைய அரிசி ஆலைகள் சிலவற்றில் இன்னமும் உமியைப் போட்டுத்தான் கொதிகலனைச் சூடாக்குகிறார்கள். ஆலைக்குப் பின்னால் சாம்பல் குவிந்துகிடக்கும். எங்கள் பாட்டி காலத்தில் அதிலிருந்து கருப்பாக வெந்த உமிக்கரியை எடுத்துவந்து பல் துலக்குவார்கள். நூறு கிலோ உமியை எரித்தால் ஏறக்குறைய இருபது கிலோ சாம்பல் தேறும். அதில் பெரும்பங்கு சிலிக்கா, மணலில் இருக்கிற அதே பொருள். நெல்மணியிலேயே மண்ணின் பங்கு அதிகமாக இருக்கும் இடம் உமிதான்.

அரிசியின் கதை வேறு. நூறு கிராம் வெள்ளை அரிசியை முழுக்க எரித்துப் பார்த்தால் மிஞ்சும் சாம்பல் அரை கிராம்தான் இருக்கும். எரியும்போது புகையோடு போய்விடும் நைட்ரஜனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் மண்ணிலிருந்து வந்ததுதான். எல்லாம் சேர்த்தாலும் இரண்டு கிராமைத் தாண்டாது. மீதி தொண்ணூற்றெட்டு கிராமும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்தவை.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். பெகுவுக்குத் தெற்கே பன்னிரண்டு ஏக்கரில் நெல் போடுகிறவர் அவர். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அதே மண். "காத்துல இருந்து அரிசி வருதுன்னா, நான் எதுக்கும்மா வருஷா வருஷம் யூரியா மூட்டையத் தோள்ல சுமக்கிறேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் டியூஷன் எடுக்கிறேன். ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவருக்கு அன்றைக்குக் களத்துமேட்டில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என்னிடம் தமிழ் படிக்கிற பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 800 கிராம் மாவுச்சத்து. மாவுச்சத்தின் எடையில் 44 சதவீதம் கார்பன். ஆக 350 கிராமுக்குக் கொஞ்சம் மேலே கார்பன். அத்தனை கார்பனும் கரியமில வாயுவாகக் காற்றில் இருந்தது. அதை வாயுவாக மாற்றிப் பார்த்தால் 1.3 கிலோ வரும். காற்றிலோ கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். ஒரு கன மீட்டர் காற்றைப் பிடித்தால் அதில் முக்கால் கிராம் இருக்கும். அப்படியானால் ஒரு கிலோ அரிசிக்கு 1,700 கன மீட்டர் காற்றில் இருக்கிற கரியமில வாயு முழுவதும் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, கூரை பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் ஐம்பது அறைக் காற்று. இங்கே ஒரு கூடை நெல் என்றால் 46 பவுண்டு. ஒரு கூடை நெல்லுக்கு எத்தனை அறை என்று பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நானும் பெரியப்பாவும் குச்சியால் மண்ணில் எழுதிப் போட்டுப் பார்த்தோம்.

மண்ணிலிருந்துதான் செடி உடம்பு எடுக்கிறது என்று நினைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. ஐரோப்பாவிலும் ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள். வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, மழைத்தண்ணீர் மட்டும் ஊற்றி ஐந்து வருடம் வளர்த்தார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணை உலர்த்தி நிறுத்தால் 2 அவுன்ஸ்தான் குறைந்திருந்தது. அவர் இறந்த பிறகு, 1648-இல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். எனக்கு இதில் மனசு தாங்காத விஷயம் ஒன்று உண்டு. 62 பவுண்டு கரியை எரித்தால் 1 பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மற்றது கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவாகப் போய்விடுகிறது என்று எழுதியவரும் அவர்தான். பதில் அவர் கையிலேயே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இன்னும் நூற்றைம்பது வருடம் ஆனது. 1779-இல் இங்கன்ஹவுஸ், வெளிச்சம் பட்டால்தான் பச்சை இலை காற்றை மாற்றுகிறது என்று காட்டினார். அதற்குக் கரியமில வாயு வேண்டும் என்று செனெபியேர் சொன்னார். 1804-இல் தெ சொசுர் நிறுத்துப் பார்த்தே சொன்னார்: செடியின் எடை கூடுவது கரியமில வாயுவாலும் தண்ணீராலும்.

எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தாயிற்று. எப்படி என்பது அதற்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டு தெரியாமலே இருந்தது.

நெல் இலையின் இரண்டு பக்கத்திலும் இலைத்துளைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவை திறந்தால் கரியமில வாயு உள்ளே போகும். அதே வாசல் வழியாகத் தண்ணீரும் ஆவியாக வெளியே போகும். ஒரு மூலக்கூறு கரியமில வாயு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான தண்ணீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடும். வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று நாம் பாடுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வெளிச்சத்தின் வேலை தனி. பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்துத் தண்ணீரைப் பிளக்கிறது, நாம் மூச்சு விடுகிற ஆக்சிஜன் அங்கிருந்துதான் வருகிறது. அந்த சக்தி ஏடிபி, என்ஏடிபிஹெச் என்ற இரண்டு பொருள்களில் சேர்த்து வைக்கப்படுகிறது. பாடப்புத்தகத்தில் இந்தப் பகுதி நீளமாக இருக்கும், படமும் போட்டிருப்பார்கள். நான் இங்கே அதைத் தாண்டிப் போகிறேன். என் மனசு அடுத்த படியில்தான் இருக்கிறது. வாயுவாக இருந்த கார்பன் சர்க்கரையாகும் படி அது.

அதைக் கண்டுபிடிக்க, கார்பனுக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. 1940-இல் கலிபோர்னியாவில் பெர்க்லியில் சாம் ரூபனும் மார்ட்டின் கேமனும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைக் கண்டுபிடித்தார்கள். ரூபன் மூன்று வருடத்தில், முப்பது வயதுகூட ஆகாமல், ஆய்வகத்தில் நச்சுவாயு பட்டு இறந்துபோனார். போருக்குப் பிறகு அதே ஊரில் மெல்வின் கால்வின், ஆண்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாஷம் ஆகியோர் வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது குளோரெல்லா என்ற பச்சைப்பாசி. தட்டையான கண்ணாடிக் குடுவையில் பாசித்தண்ணீர், இரண்டு பக்கமும் விளக்கு. கார்பன்-14 கலந்த வாயுவை உள்ளே விட்டு, சில நொடிகள் கழித்து, கீழே திருகைத் திறந்து பாசியைக் கொதிக்கும் ஆல்கஹாலில் விடுவார்கள். பாசி அந்த நொடியிலேயே செத்துப்போகும். கார்பன் அந்த நொடியில் எந்தப் பொருளில் இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். பிறகு அந்தச் சாற்றை ஒரு தாளின் மூலையில் சொட்டு வைத்து, கரைப்பானில் ஊறவிட்டு, ஒவ்வொரு பொருளையும் தாளில் வேறு வேறு இடத்துக்கு ஓடவிட்டார்கள். எக்ஸ்ரே பிலிமை அந்தத் தாள்மேல் வைத்தால், கதிரியக்கக் கார்பன் இருக்கும் இடம் கரும்புள்ளியாக விழும்.

ஒரு நிமிடம் விட்டுக் கொன்றால் பிலிம் முழுக்கப் புள்ளிகள். சர்க்கரை, அமினோ அமிலம் என்று என்னென்னவோ. நேரத்தைக் குறைக்கக் குறைக்கப் புள்ளிகள் குறைந்தன. ஐந்து நொடியில் கொன்றபோது ஏறக்குறைய எல்லாக் கார்பனும் ஒரே புள்ளியில் நின்றது. பாஸ்போகிளிசரிக் அமிலம். அதில் மூன்று கார்பன். கரியமில வாயு செடிக்குள் போய் முதலில் ஆகிற பொருள் அதுதான். நான் வகுப்பில் இந்தப் பிலிம் கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். 1961-இல் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் கிடைத்தது. பென்சன் அந்த ஆய்வகத்தைவிட்டு 1954-லேயே போய்விட்டார். தாள்வேலையில் பெரும்பகுதி அவர் கையால் நடந்தது, ஆகவே நான் எப்போதும் கால்வின்-பென்சன் சுழற்சி என்றே சொல்லிக்கொடுக்கிறேன்.

சுழற்சி என்று ஏன் சொல்கிறோம்? செடிக்குள் ஏற்கெனவே ஐந்து கார்பன் உள்ள ஒரு சர்க்கரை இருக்கிறது. ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் என்று பெயர். காற்றிலிருந்து வந்த ஒற்றைக் கார்பன் இதோடு ஒட்டிக்கொள்கிறது. ஆறு கார்பன் ஆகிறது, உடனே மூன்று மூன்றாக உடைகிறது. அந்த மூன்று கார்பன் பொருளுக்கு, வெளிச்சத்தில் சேர்த்த ஏடிபியையும் என்ஏடிபிஹெச்சையும் செலவு செய்து, சர்க்கரையின் வடிவம் கொடுக்கிறது இலை. இப்படி மூன்று கரியமில வாயு உள்ளே வந்தால் ஆறு சிறு சர்க்கரைகள் கிடைக்கும். ஆனால் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மற்ற ஐந்தையும் சேர்த்து மறுபடி மூன்று ரிபுலோஸ் பிஸ்பாஸ்பேட் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கரியமில வாயு ஒட்டிக்கொள்ள ஆள் இருக்காது. அறுத்ததில் விதைநெல்லைத் தனியாக எடுத்து வைக்கிற மாதிரிதான் இது, ஆனால் இங்கே ஆறு கூடை விளைந்தால் ஐந்து கூடை விதைக்குப் போகிறது. பெரியப்பா இதைக் கேட்டு, "அப்படி ஒரு வெள்ளாமைய எவன் செய்வான்?" என்றார். செடி செய்கிறது. பகல் முழுக்க, நொடிக்கு நொடி, ஒவ்வொரு இலையிலும். அந்த ஒரு சிறு சர்க்கரைக்கான செலவு ஒன்பது ஏடிபியும் ஆறு என்ஏடிபிஹெச்சும். அத்தனையும் வெயில் கொடுத்தது.

இத்தனையும் நடக்கிற இடம் பசுங்கணிகம், இலைச் செல்லுக்குள் பச்சையம் இருக்கிற சின்னப் பை. எடுத்துக்கொண்ட சர்க்கரை அதைவிட்டு வெளியே வருகிறது. நான்கு சேர்ந்தால் ஒரு சுக்ரோஸ். நம் வீட்டுச் சீனியும் அதே சுக்ரோஸ்தான். அது நரம்பு வழியாக இலையிலிருந்து இறங்கிக் கதிருக்கு ஏறுகிறது. பூத்து ஒரு வாரம் பத்து நாளில் ஒரு மணியை நகத்தால் நசுக்கிப் பாருங்கள், வெள்ளையாகப் பால் வரும். இலையிலிருந்து வந்த சர்க்கரை அங்கே மாவாக மாறிக்கொண்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாளில் அது மாவுபோல் இறுகும், அப்புறம் அரிசி. இந்த ஒரு மாதத்தில் கண்ணாடி இலையும் (கதிரை ஒட்டி உச்சியில் நிற்கிற கடைசி இலை) அதற்குக் கீழே இருக்கிற இரண்டு இலைகளும் செய்கிற வேலைதான் அரிசியின் பெரும்பங்கு. கதிர் வெளிவந்த பிறகு மாடு நுழைந்து கண்ணாடி இலையைக் கடித்தால் ஊர்ப் பெரியவர்கள் அப்படிக் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கடித்தது இலைதான், ஆனால் போனது மணி. கதிர் இருக்கும், மணி பதராகிவிடும்.

பள்ளியில் அயோடின் சோதனை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நெல் இலையை ஆல்கஹாலில் வெளுத்து அயோடின் விட்டால் செம்பருத்தி இலையில் வருகிற அந்தக் கருநீலம் அவ்வளவு நன்றாக வராது. சோதனை தப்பில்லை. நெல் தன் இலையில் மாவைவிடச் சுக்ரோஸாகத்தான் அதிகம் வைத்துக்கொள்கிறது. கதிர் வெளிவரும் சமயத்தில், தண்டைச் சுற்றியிருக்கிற இலையுறையை எடுத்து அயோடின் விட்டுப் பாருங்கள். கறுத்துப்போகும். மாவை அங்கேதான் சேமித்து வைத்திருக்கிறது, மணி பிடிக்கும்போது அதையும் எடுத்துக் கதிருக்கு அனுப்பும்.

எங்கள் ஊரில் வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஆடி, ஆவணியில் சூரியனைப் பார்ப்பதே அபூர்வம். வெளிச்சம் குறைந்தால் ஏடிபி குறையும், சுழற்சி மெதுவாகும், சர்க்கரை குறையும். அப்படியிருந்தும் பாவ்சான் மாதிரி நம் பழைய நெல் எப்படி விளைகிறது? அது பகல்பொழுது குறைவதைப் பார்த்துப் பூக்கிற ரகம். எப்போது நட்டாலும் சரி, மழை ஓய்கிற காலத்தில்தான் பூக்கும். தீபாவளி கழிந்து வானம் வெளுத்துப் பளிச்சென்று வெயில் அடிக்கிற நாட்களில் அதன் மணிகள் பால் பிடிக்கும். அந்த நெல்லைப் பொறுக்கி எடுத்து வைத்த முன்னோருக்குக் கால்வின் தெரியாது, சுழற்சி தெரியாது. அவர்கள் வானத்தையும் கதிரையும் சேர்த்துப் பார்த்தார்கள். 2011-இல் உலகின் சிறந்த அரிசி என்று பாவ்சானுக்குப் பரிசு கிடைத்தபோது அதன் மணத்தைத்தான் எல்லோரும் பேசினார்கள். அது பூக்கிற நேரத்தையும் பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

சரி, யூரியாவுக்கு வருகிறேன்.

கரியமில வாயுவை அந்த ஐந்து கார்பன் சர்க்கரையோடு ஒட்டுவது ருபிஸ்கோ என்ற நொதி. உலகத்தில் பச்சையாக இருக்கிற எல்லாவற்றின் உடம்பும், அதைத் தின்கிற நம் உடம்பும், ஏறக்குறைய முழுவதுமே இந்த ஒரு நொதியின் வழியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் இது ரொம்ப மெதுவான நொதி. மற்ற நொதிகள் சில ஒரு நொடியில் ஆயிரக்கணக்கில் வேலை முடிக்கும்போது, இது நொடிக்கு மூன்று கரியமில வாயுவை ஒட்டும். அவ்வளவுதான். மெதுவாக வேலை செய்வதால் எண்ணிக்கையில் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. நெல் இலையில் கரையக்கூடிய புரதத்தை எடுத்தால் அதில் பாதிவரை ருபிஸ்கோதான். புரதம் என்றால் நைட்ரஜன். இலையில் இருக்கிற நைட்ரஜனில் கால்வாசி இந்த ஒரு நொதிக்குள் அடங்கியிருக்கிறது.

யூரியா மூட்டையில் 46 என்று அச்சிட்டிருப்பது அந்த நைட்ரஜனைத்தான். பெரியப்பா தோளில் சுமப்பது அரிசியின் மாவுச்சத்து ஆவதில்லை. மாவுச்சத்தில் நைட்ரஜனே கிடையாது. காற்றிலிருந்து அரிசியைச் செய்கிற ருபிஸ்கோவாகவும் பச்சையமாகவும் அது இலையில் உட்காருகிறது. யூரியா போட்ட நாலைந்து நாளில் பயிர் கரும்பச்சையாவதைப் பார்க்கிறோமே, அது இதன் அடையாளம்தான். அதனால்தான் கதிர் முற்றிய பிறகு போடுகிற யூரியாவால் விளைச்சல் ஏறுவதில்லை. அந்த நேரத்தில் இலைக்குப் புது நொதி செய்து வேலை வாங்க அவகாசம் இல்லை. தூர் கட்டும்போதும் கதிர் உருவாகும்போதும் பிரித்துப் போடச் சொல்வது இந்தக் கணக்கில்தான். உர விலை ஏறுகிற காலத்தில் ஒவ்வொரு விவசாயியும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். யூரியாவின் அளவு எவ்வளவு முக்கியமோ, போடுகிற நாளும் அவ்வளவு முக்கியம்.

ருபிஸ்கோவுக்கு இன்னொரு குறையும் உண்டு. கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய இடத்தில் அது ஆக்சிஜனையும் பிடித்துவிடும். இந்த நொதி தோன்றிய காலத்தில் பூமியின் காற்றில் ஆக்சிஜன் இல்லாத அளவுக்குக் குறைவு, ஆகவே பிரித்தறிய அவசியம் இருக்கவில்லை. இப்போது கரியமில வாயுவைப்போல் ஐந்நூறு மடங்கு ஆக்சிஜன் காற்றில் இருக்கிறது. ஆக்சிஜனைப் பிடித்தால் இரண்டு கார்பன் உள்ள வேண்டாத பொருள் ஒன்று உருவாகும். அதைச் சரிசெய்ய இலை தன் செல்லுக்குள் இருக்கிற மூன்று நுண்ணுறுப்புகள் வழியாக அதை அனுப்பி, சக்தியைச் செலவு செய்து, கடைசியில் பிடித்த கார்பனில் ஒரு பகுதியை வெளியே விடுகிறது. வெயில் ஏற ஏற இந்தத் தப்பு கூடும். சூடான நாளில் நெல் பிடித்த கார்பனில் கால்வாசிவரை இப்படியே போய்விடும். கோடை நெல்லுக்கு வெளிச்சம் தாராளம், தண்ணீரும் வாய்க்காலில் வந்தால் மழை நெல்லைவிட நன்றாகவே விளைகிறது. ஆனால் பங்குனி வெயிலில் அது இழப்பதும் அதிகம்.

அதே வயலில், அதே வெயிலில் இழக்காமல் நிற்கிற ஒன்று இருக்கிறது. குதிரைவாலிப் புல். நாற்றாக இருக்கும்போது நெல்லையும் அதையும் பிரித்தறிவது புதியவர்களுக்குக் கஷ்டம். இலை தண்டோடு சேருகிற இடத்தைப் பாருங்கள். நெல்லில் அங்கே வெள்ளையாக மெல்லிய ஒரு சவ்வு நாக்குபோல் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் மயிர் முளைத்த இரண்டு சின்னக் கொக்கிகள் தண்டைக் கட்டிக்கொண்டிருக்கும். குதிரைவாலியில் இரண்டும் இருக்காது, வழவழவென்று வெறுமையாக இருக்கும். இலையின் நடு நரம்பு வெளுத்திருக்கும். களை எடுக்கிற பெண்கள் குனிந்த கையோடு விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார்கள், பார்க்கக்கூட வேண்டாம்.

இப்போது இரண்டு இலையையும் கிழித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். ஒரு சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் போதும். நெல் இலையில் நரம்புக்கும் நரம்புக்கும் நடுவில் இடம் இருக்கும். குதிரைவாலியில் நரம்புகள் நெருக்கி நெருக்கி ஓடும். நெல்லில் இரண்டு நரம்புக்கு நடுவில் ஐந்துக்கும் மேற்பட்ட பச்சைச் செல்கள் இருக்கின்றன. குதிரைவாலியில் பெரும்பாலும் இரண்டுதான். நரம்பைச் சுற்றி ஒரு வளையமாகப் பெரிய செல்கள், அவற்றுக்குள்ளும் கரும்பச்சை. நெல்லின் நரம்பைச் சுற்றியும் அந்த வளையம் உண்டு, ஆனால் அதில் பச்சை ரொம்பக் குறைவு.

அந்த வளையத்தில்தான் சங்கதி இருக்கிறது. குதிரைவாலியில் வளையத்துக்கு வெளியே இருக்கிற செல்கள் காற்றிலிருந்து வரும் கார்பனை ருபிஸ்கோவிடம் கொடுப்பதில்லை. வேறொரு நொதி அதைப் பிடிக்கிறது. அந்த நொதிக்கு ஆக்சிஜனோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது, தப்பாகப் பிடிக்கவே பிடிக்காது. அங்கே உருவாவது நான்கு கார்பன் அமிலம். அது உள் வளையத்துக்குப் போய்க் கரியமில வாயுவை விடுகிறது. ருபிஸ்கோ அந்த உள் வளையத்தில் மட்டும் இருக்கிறது. அங்கே கரியமில வாயு சாதாரண இலையில் இருப்பதைப்போல் பத்து மடங்கு சேர்ந்துவிடுவதால், ஆக்சிஜன் பக்கம் திரும்ப அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இதற்காக ஒவ்வொரு கரியமில வாயுவுக்கும் இரண்டு ஏடிபி கூடுதல் செலவு. வெயில் கொட்டுகிற ஊரில் அது ஒரு செலவே இல்லை. இலைத்துளையை அதிகம் திறக்கவும் வேண்டாம், தண்ணீர் மிச்சம். ருபிஸ்கோவும் குறைவாகப் போதும், நைட்ரஜன் மிச்சம். நாம் நெல்லுக்குப் போட்ட யூரியாவைக் குதிரைவாலி தின்று நம் கண்ணெதிரே ஒரு சாண் உயர்ந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

இந்த வழியை மனிதர்கள் கண்டது கரும்பில். ஹவாயில் ஹூகோ கார்ட்சாக்கும் அவர் கூட்டாளிகளும் கரும்பு இலைக்குக் கார்பன்-14 கொடுத்தபோது, முதலில் வரவேண்டிய மூன்று கார்பன் பொருளுக்குப் பதிலாக நான்கு கார்பன் அமிலங்கள் வந்தன. 1965-இல் அதை வெளியிட்டார்கள். சோவியத் நாட்டில் கார்ப்பிலோவ் மக்காச்சோளத்தில் அதற்கு முன்பே இதைப் பார்த்திருந்தார், யாரும் கவனிக்கவில்லை. 1966-இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் ஹால் ஹாட்சும் ரோஜர் ஸ்லாக்கும், ஒரு சர்க்கரைக் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்தபடி, முழு வழியையும் விளக்கினார்கள். கரும்பு, சோளம், நம் நாட்டு ஷான் மலையில் விளைகிற மக்காச்சோளம் எல்லாம் இந்த வகை. பூக்கும் தாவரங்களில் நூற்றுக்கு மூன்று இனங்கள்தான் இப்படி, ஆனால் நிலத்தில் செடிகள் பிடிக்கிற கார்பனில் ஏறக்குறைய கால்பங்கு இவற்றுடையது.

பெரியப்பா குதிரைவாலி ஒன்றைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த வித்தைய நெல்லுக்குச் சொல்லித்தர முடியாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் உலகத்தில் பல ஆய்வகங்கள் வேலை செய்கின்றன. பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 2008-இல் அதற்கென்றே ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கினார்கள். பிறகு ஆக்ஸ்போர்டில் ஜேன் லாங்டேல் அதை வழிநடத்தினார். வெற்றி பெற்றால் விளைச்சல் பாதி அளவுக்குக் கூடும், தண்ணீரும் நைட்ரஜனும் குறைவாகப் போதும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. இயற்கையில் இந்த மாற்றம் அறுபது தடவைக்கு மேல் தனித்தனியாக நடந்திருக்கிறது என்பதால் முடியாத காரியம் என்று சொல்ல முடியாது. ஆனால் நொதிகளை மாற்றினால் மட்டும் போதாது, இலையின் அமைப்பையே மாற்ற வேண்டும். நரம்புகள் நெருங்க வேண்டும், வளையத்துச் செல்கள் பச்சையாக வேண்டும். 2017-இல் மக்காச்சோளத்தின் மரபணு ஒன்றை நெல்லில் வைத்து, வளையத்துச் செல்களுக்குள் பசுங்கணிகங்கள் பெருகுவதைக் காட்டினார்கள். அது ஒரு படி. இன்னும் பல படிகள் இருக்கின்றன.

இங்கே நமக்கு அவசரம் இருக்கிறது. பிலிப்பைன்ஸில் பல வருட வயல் கணக்கைப் பார்த்து 2004-இல் எழுதினார்கள்: கோடைப் போகத்தில் இராத்திரியின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் பத்து சதவீதம் குறைகிறது. காற்றில் கரியமில வாயு கூடினால் நெல்லுக்கு நல்லதுதானே என்று டியூஷனில் ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டதில் பாதி சரி. வாயு கூடினால் ருபிஸ்கோவின் தப்பு குறையும். ஆனால் அதே வாயு ஊரைச் சூடாக்குகிறது, பூக்கிற நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மணியே பிடிக்காமல் போகிறது. சர்க்கரை இருந்தும் அது போய்ச் சேர மணி இல்லை.

பெரியப்பாவுக்குக் கடைசியாக ஒரு கவலை இருந்தது. மக்காச்சோளத்து மரபணுவைக் கொண்டுவந்து நெல்லில் வைத்தால் பாவ்சானின் மணம் போய்விடாதா என்று கேட்டார். போகாது. அந்த மணம் அசிட்டைல் பைரோலின் என்ற பொருளால் வருகிறது. ஒரே ஒரு மரபணு செயல் குன்றியிருப்பதால்தான் அது மணியில் சேர்கிறது. நம் பர்மா நெல் சிலவற்றில் அந்த மரபணு பாஸ்மதியில் இருப்பதைவிட வேறு விதமாக மாறியிருக்கிறது. கார்பனைப் பிடிக்கிற வழிக்கும் அதற்கும் தொடர்பில்லை. "அப்ப செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு, மிச்சக் களையை எடுக்க வரப்பில் இறங்கினார்.